நம்ம ஊர் காத்துல தலையில நிக்கிற தொப்பி எது? எங்கிட்ட எப்பவும் கேக்குற கேள்விகள்

எனக்கு முப்பது வயசுலயே முன்மண்டை காலி. அன்னையிலேர்ந்து தொப்பி இல்லாம வெளிய இறங்குறதில்ல. அது போக எங்க சித்தப்பா கன்னியாகுமரி பீச்சுல சங்கு, பாசி விக்கிற கடைகளுக்கு நடுவுல தொப்பியும் கூலிங்கிளாசும் போட்டு ரெம்ப வருஷமா வியாபாரம் பண்ணுகாரு, சின்ன வயசுல லீவு விட்டா நான்தான் அங்க கெடப்பேன். அதனால சொந்தக்காரங்க, ஆபீஸ்ல உள்ளவங்க, பக்கத்து வீட்டு மைனி வரைக்கும் தொப்பின்னா எனக்குத்தான் போன். ஒரே பதில வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி தொண்டை போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போடுகேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிருகேன். எல்லாரும் தொப்பி வாங்குறது வெயிலுக்குன்னு நெனைக்காங்க. நம்ம மாவட்டத்துல அத வச்சுப் பொழைக்கணும்னா வெயில விட காத்தையும் ஈரத்தையும் ஆக்கும் பாக்கணும்.

தொப்பியே என்னத்துக்கு அண்ணே, தலையில ஒரு துவர்த்து (துண்டு) கட்டுனா போதாதா?

போதும், பல நேரம் தொப்பிய விட நல்லாவே வேலை செய்யும். எங்க பாட்டா வயலுக்குப் போனா துவர்த்துதான், மழை தூறுனா கமுகம்பாளைய மடக்கி தலையில கவுத்துட்டு நடப்பாரு, ஒரு பைசா செலவு கெடையாது. துவர்த்து வேர்வைய இழுக்கும், பிழிஞ்சு கட்டுனா குளுமையா இருக்கும், காத்துல பறக்காது, தலையில சுமடு வச்சா சும்மாடும் ஆகும். அதுல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, மொகத்துக்கும் காதுக்கும் பெடரிக்கும் நெழல் தராது. தோல் டாக்டருங்க தொப்பி போடச் சொல்லுறது அந்த நெழலுக்காகத்தான். தினமும் வெயில்ல நிக்கிற வேலைன்னா தொப்பி வாங்குங்க, கடைக்குப் போய்ட்டு வாறதுக்கு துவர்த்து ஏதேஷ்டம்.

கேப் வாங்கவா, சுத்தி வட்டமா உள்ளது வாங்கவா?

கேப்புல முன்னால மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்குல்லா, அது கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் நெழல் தரும், காதும் பெடரியும் வெயிலுக்கு நேர்ந்து விட்ட மாதிரி. பைக்க நிறுத்திட்டு பத்து நிமிஷம் நடக்க, சாயந்திரம் டர்ஃப்ல வெளையாட கேப் போதும். நாள் பூரா வெளிய நிக்கிறவங்களுக்கு சுத்தி விளிம்பு உள்ளதுதான், அந்த விளிம்பு 7.5 சென்டிமீட்டராவது இருக்கணும். ஆஸ்திரேலியாவுல தோல் புத்துநோய் ரெம்ப அதிகம், அங்க உள்ள கேன்சர் கவுன்சில் பெரியவங்களுக்கு சொல்லுற அளவு இது. கையில ஸ்கேல் இல்லன்னா நாலு வெரல சேத்து வச்சுப் பாருங்க, ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

நம்ம ஊருக்கு இதுல இன்னொரு கணக்கும் உண்டு. நாம கெடக்குறது 8 டிகிரி வடக்குல, பூமத்திய ரேகைக்கு ரெம்பப் பக்கம். ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஒரு தடவை, ஆகஸ்ட் முடிஞ்சு செப்டம்பர் பொறக்குற சமயம் இன்னொரு தடவை, மத்தியானம் 12.20 வாக்குல சூரியன் நேரா நெட்டுக்குத்தா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும், கம்பு நட்டா நெழலே விழாது. அந்த நேரத்துல அகல விளிம்பு தொப்பி போட்டா மொகம், காது, பெடரி எல்லாம் முழுசா நெழல்ல இருக்கும். அதே தொப்பி காலைல 8 மணிக்கு கடற்கரையில பாதிதான் வேலை செய்யும், வெயில் பக்கவாட்டுல வரும், மணல்லயும் வெள்ளத்துலயும் (தண்ணியத்தான் நாங்க வெள்ளம்னு சொல்லுவோம்) பட்டு கீழேர்ந்தும் அடிக்கும். அதனால பீச்சுல நிக்கிறவங்க தொப்பிய நம்பி மொகத்த சும்மா விட்டுறக்கூடாது, சன்ஸ்கிரீனும் போடணும். விளிம்போட அடிப்பக்கம் கறுப்பு, கரும்பச்சை மாதிரி கடுத்த நெறமா இருந்தா கீழேர்ந்து வாற கூச்சம் கொறையும். மேல வெள்ளை, அடியில கறுப்பு உள்ள தொப்பி கண்டா விடாதீங்க.

யுபிஎஃப் 50னு ஒட்டியிருக்கே, அது உள்ளதா?

நூறு பங்கு புறஊதாக் கதிர் வந்தா ரெண்டு பங்குதான் துணி வழியா உள்ள போகும்னு அர்த்தம், அதாவது ஐம்பதுல ஒண்ணு. ஒட்டுன சீட்டு உள்ளதா பொய்யான்னு கடையில நின்னு கண்டுபுடிக்க முடியாது. நான் செய்றது தொப்பிய டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாக்குறது. புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அது வழியா வெயிலும் வரும். ஓட்டை ஓட்டையா பின்னுன ஓலைத்தொப்பி போட்டுட்டு ஒரு நாள் சொத்தவிளை பீச்சுல நின்ன கூட்டுக்காரன் மொகத்துல புள்ளிக்கோலம் போட்ட மாதிரி கறுத்துப் போச்சு, உள்ள கதையாக்கும்.

தலை அளவு எப்படி எடுக்குறது?

தையல்காரங்க வச்சிருக்க டேப் எடுங்க. இல்லன்னா ஒரு சரடு எடுத்து தலையில சுத்தி, பிறவு ஸ்கேல்ல வச்சு அளந்தா போதும். காதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் விட்டு, நெத்தி நடுவுல, பொறத்தால மண்டை துருத்திட்டு நிக்கிற இடம் வழியா சுத்தணும். கண்ணாடி முன்னால நின்னு டேப் சாயாம இருக்கான்னு பாருங்க. இறுக்கிப் புடிக்காதீங்க, தொப்பி எப்படி உக்காரணுமோ அந்த அளவு லூசு போதும். மூணு தடவை எடுத்து பெரிய அளவ வச்சுக்கோங்க. முடி வெட்டிட்டு வந்த அன்னைக்கு எடுக்குறதும் ரெண்டு மாசம் வெட்டாம எடுக்குறதும் ஒண்ணா இருக்காது, கொண்டை போடுற பொம்பளைங்க எந்த மாதிரி முடி கட்டிட்டு தொப்பி போடப் போறாங்களோ அப்படிக் கட்டிட்டே அளக்கணும்.

பெரியவங்களுக்கு பெரும்பாலும் 55லேர்ந்து 60க்குள்ள வரும். ஆன்லைன்ல சில கம்பெனி 7, 7 கால், 7 அரைன்னு போட்டிருப்பான், பாத்து மெரளாதீங்க. சுத்தளவ இஞ்சுல எடுத்து 3.14ஆல வகுத்தா அமெரிக்கா நம்பர் வரும், வேற ஒரு மாயமும் இல்ல. 57 சென்டிமீட்டர்னா 22.4 இஞ்ச், வகுத்தா 7.14, அது அங்க ஏழும் எட்டுல ஒண்ணும் (7 1/8). இங்கிலாந்து நம்பர் அதுல எட்டுல ஒண்ணு கொறச்சு, அதாவது வெறும் 7. பீச்சுல வாங்குறதுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அங்க எல்லாம் ‘ஃப்ரீ சைஸ்’. ஃப்ரீ சைஸ்னா எல்லார் தலைக்கும் ஒரே மாதிரி பத்தாதுன்னு அர்த்தம்னு சித்தப்பாவே சொல்லுவாரு, கஸ்டமர் போன பிறவு.

அளவு சரிதான், ஆனா நெத்தியில இறுக்குது, காதுக்கு மேல லூசா கெடக்கு. ஏன்?

இது அளவுக் கோளாறு இல்ல, வடிவக் கோளாறு. சிலருக்கு தலை பலாக்கொட்டை மாதிரி முன்ன பின்ன நீளம், சிலருக்கு வட்டமா செம்பு மாதிரி. நீளத் தலைக்காரன் வட்டத் தொப்பி போட்டா முன்னாலயும் பொறத்தாலயும் அழுத்தும், பக்கத்துல வெரல் போகுற அளவு எடம் கெடக்கும். வட்டத் தலைக்காரன் நீள வட்டத் தொப்பி போட்டா நேர்மாறு. ஒரு சைஸ் பெருசு வாங்கி சமாளிப்போம்னு நெனைக்காதீங்க, இறுக்கம் போகும், ஆனா மொதல் காத்துலயே தொப்பியும் போகும். துணித்தொப்பின்னா தலைக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுத்துரும், வெறைப்பான தொப்பிதான் பிரச்சினை. வேற மாடல் போட்டுப் பாருங்க, அதுதான் வழி.

போட்டுப் பாக்கும்போ நான் வழக்கமா செய்றது: புருவத்துக்கு மேல ஒரு வெரல் எடம் விட்டு வைக்கணும், உள்பட்டைக்கும் (தொப்பிக்கு உள்ள சுத்தி தைச்சிருக்க பட்டை) நெத்திக்கும் நடுவுல ஒரு வெரல் கொஞ்சம் சிரமப்பட்டு போகணும், குனிஞ்சு தலைய ஆட்டுனா விழக்கூடாது. பத்து நிமிஷம் போட்டுக் கழட்டுனா நெத்தியில செவப்புக் கோடு விழுந்திருந்தா வேண்டாம். பத்து நிமிஷமா, கடைக்காரன் விடுவானான்னு கேக்காதீங்க, மத்த மாடலப் பாத்துட்டே நில்லுங்க, நேரம் போகும்.

பெருசா வாங்கிட்டேன், இல்ல சின்னதா வாங்கிட்டேன். இப்பம் என்ன செய்ய?

பெருசுன்னா சுலபம். உள்பட்டைய பைய விரிச்சு, அதுக்குள்ள பத்திரிகைத் தாள நீளமா மடிச்சுச் சொருகுனா ஒரு சைஸ் கொறையும். பழைய ஆளுங்க செய்றது இதாக்கும். வேர்வைக்கு தாள் நனைஞ்சு கூழாகுதுன்னா கதவு இடுக்குல ஒட்டுற மெல்லிசு ஸ்பாஞ்ச் டேப் ஹார்டுவேர் கடையில கெடைக்கும், அத துண்டு வெட்டி நெத்திப் பக்கம் ஒண்ணு, பொறத்தால ஒண்ணு ஒட்டுங்க. சுத்தி முழுசா ஒட்டுனா ரெம்ப இறுகிரும்.

சின்னதுன்னா கொஞ்சம் கஷ்டம். கம்பளித் தொப்பி, நெசமான ஓலைத் தொப்பின்னா உள்பட்டைக்கு மட்டும் புட்டுக்குடத்து ஆவிய லேசா காட்டி, சூடு ஆறுன பிறவு தலையில வச்சு காயுற வரைக்கும் கழட்டாம இருந்தா அரை சைஸ் குடுக்கும். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. பசை போட்டு ஒட்டுனதும் பேப்பர்ல பின்னுனதும் ஆவிய கண்டா பிரிஞ்சு வந்துரும். கேப் சின்னதுன்னா ஒண்ணும் செய்ய முடியாது, மருமவனுக்கு குடுத்துருங்க.

காத்துல பறந்து போகுது அண்ணே. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னா உங்க தொப்பி எம்மாத்திரம். ஆரல்வாய்மொழி கணவாய்ல, முப்பந்தல்ல இத்தனை காத்தாலை நட்டு வச்சிருக்காங்கன்னா சும்மாவா? மே கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மலை இடுக்கு வழியா காத்து பிச்சுக்கிட்டு வரும். நானே மொத மாசச் சம்பளத்துல வாங்குன ஒரு நல்ல ஓலைத் தொப்பிய விவேகானந்தர் பாறைக்குப் போற போட்டுல வச்சு கடலுக்கு தானம் பண்ணுனேன். கயிறு இருந்துச்சு, பாக்க சின்னப்பையன் மாதிரி இருக்குன்னு அத வெட்டி எறிஞ்சிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர் ஒரு கையால வேட்டிய புடிச்சுட்டு மறுகையால என்னைத் தட்டிக்குடுத்தாரு.

காத்து விளிம்புக்கு அடியில புகுந்து மேல தூக்கும், விளிம்பு பெருசாக ஆக தூக்குற பலமும் கூடும். அதனால இங்க வாங்குற அகல விளிம்புத் தொப்பிக்கு தாடைக் கயிறு கண்டிப்பா வேணும். கயிறு ரெண்டு பக்கமும் விளிம்புல இல்லாம உள்பட்டைக்குப் பக்கத்துல கோத்திருக்கணும், விளிம்புல கோத்தா இழுக்கும்போ விளிம்பு கீழ மடங்கி கண்ண மறைக்கும். நகத்துற ஒரு மணியோ பூட்டோ வேணும். காத்து முன்னாலேர்ந்து வந்தா கயிற தாடைக்கு அடியில போடாம பொறத்தால பெடரிக்கு மேல போட்டு இறுக்குங்க, நல்லா புடிக்கும், பேசவும் வாய் சும்மா இருக்கும். தலை பாகம் ஆழமா இருக்கான்னும் பாருங்க, மேலோட்டமா உக்காருற தொப்பிக்கு எத்தனை கயிறு போட்டாலும் ஆட்டம்தான். பக்கத்துல வலை வச்ச தொப்பின்னா காத்து கொஞ்சம் உள்ள பூந்து வெளிய போகும், வேர்வையும் காயும்.

கயிறு புடிக்காத ஆளுங்க கேப்போட பொறத்தால உள்ள பக்கிள்ல ஒரு சின்ன கயிறக் கட்டி மறு முனைய சட்டைக் காலர்ல கிளிப் போட்டுருங்க. பறந்தாலும் முதுகுல தொங்கும்.

ஹெல்மெட்டுக்கு உள்ள கேப் போடலாமா?

கூடாது. கேப்போட உச்சியில ஒரு பட்டன் இருக்கும், அடி பட்டா அது மண்டையில அமுங்கும், மூக்கு ஹெல்மெட்ட சரியா உக்கார விடாது. மெல்லிசு துணிக் குல்லா போடலாம். ஹெல்மெட்டுக்குப் பதிலா தொப்பியான்னு கேக்குறவங்களும் உண்டு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு பழமொழி இருக்கு, பைக்ல அது செல்லாது.

பீச்சுல ‘பனாமா’ன்னு விக்காங்களே, நெசமா?

நெசமான பனாமா தொப்பி பனாமா நாட்டுலயே செய்றதில்ல, எக்வடோர்ல ஆக்கும் செய்வாங்க, டோக்கில்லான்னு ஒரு செடியோட குருத்த கிழிச்சு கையால பின்னுவாங்க. பனாமா வழியா ஏத்துமதி ஆனதால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, 1906ல அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலைய பாக்கப் போனப்பம் அத போட்டுட்டு நின்ன படம் பேர இன்னும் பரப்பிருச்சு. 2012ல அந்தப் பின்னல் யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. அவ்வளவு பெருமை உள்ள சாமான் சங்குமாலை கடையில தொங்காது. இங்க பனாமான்னு விக்கிறதுல முக்கால்வாசி முறுக்குன பேப்பர் நூல். சித்தப்பாவும் அதத்தான் விக்காரு, கேட்டா பேப்பர்னு சொல்லுவாரு, கேக்கலன்னா சொல்ல மாட்டாரு.

கண்டுபுடிக்க, உள்பக்கம் நீட்டிட்டு நிக்கிற ஒரு துண்ட நகத்தால பிரிங்க. பேப்பர்னா பட்டையா விரியும், வெள்ளம் ஒரு சொட்டு விட்டா பதம் போய் கொழகொழன்னு ஆகும். பேப்பர் தொப்பி கெட்டதுன்னு சொல்லல, எடை கம்மி, வெலை கம்மி, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும், ஒரு மழை நனைஞ்சா கதை முடிஞ்சு. நம்ம ஊர்ல தென்மேற்கு வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் வந்து தீக்கும், அத மனசுல வச்சு வாங்குங்க. பனையோலையில பின்னுன நாட்டுத்தொப்பி கண்ணுல பட்டா அத எடுங்க, பேப்பர விட எத்தனையோ கொள்ளாம்.

வெள்ளைக்காரன் காலத்துப் படங்கள்ல பெரிய கொட்டாங்குச்சி மாதிரி ஒரு தொப்பி வருமே, சோலா தொப்பி, அது எதுல செஞ்சதுன்னு தெரியுமா? நெட்டியில. தஞ்சாவூர்ல கோயில் உருவமெல்லாம் செதுக்குவாங்கல்லா, அதே நெட்டிச்செடித் தண்டு. சோலான்னா வெயில் சம்பந்தப்பட்ட சோலார்னு நானும் ரெம்ப நாள் நெனைச்சேன், அந்தச் செடிக்கு வடக்க ஷோலான்னு பேரு, அவ்வளவுதான்.

கேப் எப்படி துவைக்கணும்? மெஷின்ல போடலாமா?

போடாதீங்க. போட்டா மூக்கு கோணும், மண்டை பாகம் சொட்டையாகும். மொதல்ல மூக்க வெரலால சுண்டிப் பாருங்க, டொக்குன்னு செத்த சத்தம் கேட்டா உள்ள அட்டை இருக்கு, பழைய கேப்புல இருக்கும், அத முக்கி எடுத்தா அட்டை ஊறி நாசம். அதுக்கு ஈரத்துணி வச்சு தொடச்சு எடுக்குறது மட்டும்தான். பிளாஸ்டிக்னா வளைச்சா திரும்பி வரும், தைரியமா நனைக்கலாம்.

பச்சை வெள்ளத்துல கொஞ்சம் ஷாம்பு கலக்கி, அரை மணி நேரம் ஊறப் போட்டு, பழைய பல்லு பிரஷ்ஷால உள்பட்டைய மட்டும் நல்லா தேய்ங்க, அழுக்கு பூரா அங்கதான் இருக்கு. சுடுவெள்ளம் வேண்டாம். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், வேர்வைக் கறை வெள்ளையாகும்னு நெனைச்சு ஊத்துனா இன்னும் மஞ்சளாகும். பிழியாதீங்க, துவர்த்துக்குள்ள வச்சு அமுக்கி ஈரத்த எடுங்க.

காயப் போடுறதுலதான் பலரும் கோட்டை விடுகாங்க. கொடியில கிளிப் போட்டு தொங்க விட்டா அதே வடிவத்துல காயும், பிறவு தலையில வச்சா கோமாளி மாதிரி இருக்கும். கவுத்து வச்ச செம்பு, பழைய ஃபுட்பால், எது தலை அளவுக்கு வருதோ அதுல மாட்டி நெழல்ல காத்தோட்டமா வைங்க. எங்க சித்தப்பா வீட்டுல கதம்பையோட (மேல் நார் உரிக்காம) முழுத் தேங்காய பிளாஸ்டிக் கவர்ல போட்டு அதுல மாட்டி வைப்பாங்க, ஒரு நாள் சித்தி அத குழம்புக்கு ஒடச்சுட்டா. கவர் போடாம வைக்காதீங்க, கதம்பைக் கறை ஏறுனா போகாது.

மேல வெள்ளை வெள்ளையா கோடு விழுது, அது என்ன?

உப்பு. பாதி உங்க வேர்வை, கடற்கரைப் பக்கம் இருந்தா பாதி கடக்காத்து. உப்பு இருக்குற துணி காத்துல உள்ள ஈரத்த இழுத்துட்டே கெடக்கும், அதனாலதான் குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவங்க தொப்பி காஞ்ச மாதிரியே இருக்காது, ஒரு நாத்தமும் போகாது. பீச்சுக்குப் போய்ட்டு வந்தா அன்னைக்கே நல்ல வெள்ளத்துல அலசிருங்க, சோப்பே வேண்டாம். துணி எடுக்கும்போ காட்டனுக்குப் பதிலா சீக்கிரம் காயுற மெல்லிசு நைலான், பாலியஸ்டர் நல்லது. காட்டன் போட சொகமாத்தான் இருக்கும், ஆனா நம்ம ஊர் ஈரத்துல காயவே காயாது.

தேங்காண்ணெய் கறை?

இதுக்கு நம்மள விட்டா வேற யாருகிட்ட கேக்க முடியும், தலை நெறைய எண்ணெய் வைக்கிற ஊராச்சே. கறை புதுசுன்னா நனைக்காதீங்க, மொதல்ல டால்கம் பவுடரோ அரிசிமாவோ தூவி ராத்திரி பூரா வச்சிருங்க, எண்ணெய உறிஞ்சிரும். காலைல தட்டிட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சு அலசுங்க. பழைய கறைக்கு ரெண்டு மூணு தடவை செய்யணும். ஓலைத் தொப்பியில ஏறுன எண்ணெய் போகாது, அது கறுத்து ஒரு மினுமினுப்பா ஆகிரும், அது அதோட அழகுன்னு நெனைச்சுக்கோங்க. எண்ணெய் வைக்கிற அன்னைக்கு உள்ள ஒரு கைலேஞ்சிய (கர்சீப்) மடிச்சு வைக்கிறது ரெம்ப நல்ல பழக்கம்.

ஓலைத் தொப்பி, வைக்கோல் தொப்பி சுத்தம் பண்ணுறது எப்படி? ஒடஞ்சு போகுதே?

முக்கக்கூடாது, ஈரத்துணி நல்லா பிழிஞ்சு தொடச்சா போதும். ஒடையுறது எதனாலன்னா நாம அத எடுக்குற மொறை. முன்னால மண்டை பாகத்துல ஒரு குழி இருக்கும், எல்லாரும் அதுல ரெண்டு வெரல வச்சு கிள்ளிப் புடிச்சு எடுப்போம், சினிமாவுல அப்படித்தான் காட்டுவாங்க, பாக்க ஸ்டைலா இருக்கும், நாலு மாசத்துல சரியா அந்த எடத்துல கீறல் விழும். விளிம்ப ரெண்டு கையால புடிச்சு எடுங்க, போடுங்க. கீழ வைக்கும்போ மல்லாத்தி, வாய் மேல பாக்குற மாதிரி வைங்க, விளிம்பு தரையில பட்டு இருந்தா நாளடைவுல வளைஞ்சிரும்.

ரெம்ப காஞ்சாலும் ஓலை ஒடையும். கார் டேஷ்போர்டுல போட்டுட்டு வடசேரி சந்தைக்கு உள்ள ஒரு மணி நேரம் போய்ட்டு வந்தா முறுக்கு மாதிரி ஆகியிருக்கும். உள்பட்டை தோல்னா அந்தச் சூட்டுல சுருங்கி தொப்பியே ஒரு சைஸ் கொறைஞ்சிரும். நசுங்குன ஓலைத் தொப்பிக்கு ஈரத்துணிய மேல போட்டு ஒரு மணி நேரம் விட்டா ஓலை பதப்படும், அப்பம் வெரலால பைய நிமித்தி, உள்ள பழந்துணிய திணிச்சு காய விடணும். ஓலை பின்னுறவங்க ஓலைய நனைச்சு வச்சுத்தானே பின்னுவாங்க, அதே ஞாயம்.

மழைக்காலத்துல அலமாரியில வச்ச தொப்பியில பூசணம் புடிச்சிருக்கு. களையணுமா?

களையாண்டாம். வெளிய முத்தத்துல கொண்டுபோய், மூக்குல துணி கட்டிட்டு, காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடுங்க, வீட்டுக்குள்ள வச்சு தட்டுனா அந்தப் பொடி மத்த துணியில போய் உக்காரும். வினிகரும் வெள்ளமும் சமமா கலந்து துணியில தொட்டு துடைங்க, பிறவு காலை வெயில்ல அரை மணி நேரம். நாள் பூரா வெயில்ல போட்டா ஓலை ஒடையும், துணி வெளுக்கும். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தா நாத்தம் போகும், புள்ளி போகாது.

அடுத்த வருஷம் வராம இருக்கணும்னா பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, எல்லாரும் பாதுகாப்புன்னு நெனைச்சு செய்ற தப்பு இது, உள்ள உள்ள ஈரம் வெளிய போக வழி இல்லாம அங்கயே பூக்கும். பழைய தலைகாணி உறையில போட்டு வைங்க. ஷூ டப்பாவுல வருமே சின்ன சிலிக்கா பொட்டலம், அதுல நாலஞ்சு போடுங்க. சிரட்டைக்கரி ரெண்டு துண்டு துணியில கட்டிப் போட்டா வாடைய இழுக்கும். மழைக்காலம் முடியுற வரைக்கும் வாரத்துக்கு ஒருக்க வெளிய எடுத்து ஆற வைக்கணும், இத யாரும் செய்ய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், நானும் செய்றதில்ல, அதனால ஃபேனுக்கு நேரா சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன்.

அத்தான் அமெரிக்காவுலேர்ந்து கவ்பாய் தொப்பி கொண்டு வந்தாரு. எப்படி வச்சுக்குறது?

அது ஃபெல்ட்டா இருக்கும், கம்பளியையோ ரோமத்தையோ அழுத்திச் செஞ்சது. நம்ம ஊர்ல போட்டா மண்டைக்குள்ள புளிக்கறி வேகும், போட்டோவுக்கு போடுங்க. மழையில நனைஞ்சா ஹேர் டிரையர் காட்டாதீங்க, சூடு பட்டா சுருங்கும். உதறிட்டு, உள்பட்டைய வெளிய இழுத்து விட்டு அதுமேல நிக்க வச்சு தானா காய விடணும். தூசிய மெல்லிசு பிரஷ்ஷால மயிர் போற திசையில தட்டணும், கறுப்புத் தொப்பிக்கு வச்ச பிரஷ்ஷ வெள்ளைக்கு எடுக்கக்கூடாது. பூச்சி அரிக்கும், வேப்பிலை காஞ்சது, கிராம்பு போட்டு வைங்க. ஓலைத் தொப்பியையும் கஞ்சி போட்ட துணித் தொப்பியையும் ராமபாணப் பூச்சி தின்னும், அதுக்கும் இதே.

எம்.ஜி.ஆர் போட்ட மாதிரி வெள்ளைக் குல்லா புள்ளைக்கு மாறுவேடப் போட்டிக்கு வேணும்னு வருஷம் ரெண்டு பேரு கேக்காங்க. அத துவைக்காதீங்க, சீப்பு வச்சு சீவி பவுடர் தூவி உதறுங்க.

தொப்பி போட்டா முடி கொட்டுமா?

என்னப் பாத்துட்டே இத கேக்காங்க. எனக்கு முடி போனது முன்னால, தொப்பி வந்தது பின்னால. ஆம்பளைங்களுக்கு வாற வழுக்கை பரம்பரையும் ஹார்மோனும், தொப்பிக்கு அதுல பங்கில்ல. ரெம்ப இறுக்கமா நாள் பூரா போட்டு முடிய இழுத்துட்டே இருந்தா அந்த எடத்துல முடி ஒடையலாம், அழுக்குத் தொப்பி போட்டா பொடுகும் சொறியும் வரும். அது தொப்பி குத்தமில்ல, துவைக்காத குத்தம்.

புள்ளைங்களுக்கு?

ஒரு வயசுல சுமார் 46 சென்டிமீட்டர் இருக்கும், மூணு நாலு வயசுல 50 வந்துரும், மொத ரெண்டு வருஷம் விறுவிறுன்னு வளரும், அதனால வெலை கூடுன தொப்பி வேண்டாம். கயிறு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை, சறுக்குல ஊஞ்சல்ல மாட்டுனா கழுத்த இறுக்கும். இழுத்தா தானா விட்டுற ஒட்டுப்பட்டை உள்ளது வாங்குங்க.

கோயிலுக்கு, சர்ச்சுக்கு தொப்பி போட்டுட்டு போலாமா?

வெளியூர்காரங்க சித்தப்பாகிட்ட ரெம்ப கேக்குற கேள்வி. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில்ல ஆம்பளைங்க சட்டையே கழட்டணும், தொப்பி பத்தி சொல்லவே வேண்டாம். சர்ச்சுல ஆம்பளைங்க தொப்பிய எடுத்துருவாங்க, பொம்பளைங்க முக்காடு போடுவாங்க. பள்ளிவாசல்ல தொழுகைக்கு தலைய மூடுறது வழக்கம், அதுக்கு விளிம்பு இல்லாத குல்லாதான், சுஜூதுல, அதாவது குனிஞ்சு வணங்கும்போ, நெத்தி தரையில படணும்ல.

சாமிதோப்பு கதை வேற. அங்க அய்யா வைகுண்டர் வழியில நடக்குற அய்யாவழிக்காரங்க கும்பிடுற பதியில ஆம்பளைங்க சட்டை இல்லாம, தலைப்பாகை கட்டிட்டுத்தான் உள்ள போகணும். எல்லா எடத்துலயும் சாமி முன்னால தலைத்துணிய எடுன்னு சொல்லும்போ இங்க கட்டிட்டு வான்னு சொன்னது சும்மா இல்ல. அய்யா வைகுண்டர் இருந்த காலத்துல, 1809லேர்ந்து 1851 வரைக்கும், திருவிதாங்கூர் ராஜ்யத்துல தாழ்ந்த சாதின்னு ஒதுக்குன சனங்க என்ன உடுக்கணும் எப்படி நடக்கணும்னு மேல உள்ளவங்க சட்டம் போட்டு வச்சிருந்தாங்க. அந்த சனத்தப் பாத்து தலைப்பாகை கட்டு, நிமிந்து நில்லுன்னு அவரு சொன்னாரு. அதனால அங்க போகும்போ கேப்ப பையில வச்சுட்டு ஒரு துவர்த்து கொண்டு போங்க, கட்டத் தெரியலன்னா வாசல்ல யாராவது கட்டி விடுவாங்க.

கடைசியா, உங்க சித்தப்பா கடையில உங்க பேர சொன்னா வெலை கொறைப்பாரா?

மாட்டாரு, எனக்கே கொறைக்க மாட்டாரு. சாயங்காலம் சூரியன் விழுந்து கூட்டம் கலையுற நேரம் போங்க, கயிறு உள்ள மாடல உள்ளேர்ந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்க, முன்னால தொங்க விட்டிருக்கது பூரா கயிறு இல்லாதது. டேப்ப மறக்காம கையில கொண்டு போங்க, அவருகிட்ட உள்ளது போன மழையில நனைஞ்சு நம்பர் அழிஞ்சு போச்சு.